விஹான் வாசிக்காத கச்சேரி

அன்புள்ள ஐயா,

செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக்கின் செல்லோ கான்செர்ட்டோ, அதாவது ஆர்கெஸ்ட்ராவோடு ஒரு செல்லோ தனித்து வாசிக்கும் படைப்பு, பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். என் மகளுக்குப் பதினான்கு வயது. ஐந்து ஆண்டுகளாகச் செல்லோ கற்றுவருகிறாள். அந்தக் கான்செர்ட்டோவின் இசைக்குறிப்புப் புத்தகம் அவளிடம் இருக்கிறது. அதை வாசிக்கும் நிலைக்கு அவள் இன்னும் வரவில்லை. ஆனாலும் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, புத்தகத்தின் வரிகளில் விரலை ஓட்டிக்கொண்டே கேட்பாள். புத்தகத்தின் தொடக்கத்தில் அது ஹனுஷ் விஹானுக்கு அர்ப்பணிக்கப்பட்டது என்று அச்சாகியிருக்கிறது. "இவர் யார்?" என்று கேட்டாள். உங்கள் கட்டுரையில் தேடினேன். 'விஹானுக்காக எழுதப்பட்டது, ஆனால் முதலில் வாசித்தவர் லியோ ஸ்டெர்ன்' என்ற ஒரே வரிதான் இருந்தது.

அவள் தன் ஆசிரியரிடம் கேட்டிருக்கிறாள். விஹான் தன் திறமையைக் காட்டிக்கொள்வதற்காக அந்த இசையில் தன் சொந்தச் சரக்கைச் சேர்த்தார், துவோர்ஷாக் கோபித்துக்கொண்டு வாய்ப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார் என்று அவர் சொன்னாராம். மகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. கோபித்துக்கொண்டவர் அர்ப்பணிப்பை மட்டும் ஏன் அழிக்காமல் விட்டார்? விஹான் வேறென்ன செய்தார்? அவர் வாசித்ததை இன்று கேட்க வழி உண்டா? நேரமிருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

உங்கள் மகளுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். அந்தப் பெயரைத் தாண்டிப் போய்விடாமல் நின்று கேட்டிருக்கிறாள். நான் ஒரு வரியில் கடந்து போனது பிழை. அந்த வரியில் 'ஆனால்' என்று ஒரு சொல் போட்டிருக்கிறேன். அதுதான் விஹானைத் தோற்றுப்போனவராகக் காட்டுகிறது. அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன்.

ஆசிரியர் சொன்ன கதையில் உண்மைகள் இரண்டு இருக்கின்றன. விஹான் அந்தக் கான்செர்ட்டோவுக்குத் தாமாக ஒரு கடென்சா, அதாவது தனி வாத்தியம் மட்டும் வாசிக்கும் பகுதி, எழுதினார், துவோர்ஷாக் அதை ஏற்கவில்லை. இது நடந்தது. 1896 மார்ச் 19 அன்று லண்டனில் அது அரங்கேறியபோது விஹான் வாசிக்கவில்லை. இதுவும் நடந்தது. முதலாவது நடந்ததால்தான் இரண்டாவது நடந்தது என்று முடிச்சுப் போடுகிறார்களே, அது மட்டும் நடக்கவில்லை. இந்த முடிச்சைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். சண்டை, கோபம், தண்டனை என்று கதை கச்சிதமாக வந்துவிடுவதால் யாரும் தேதிகளைப் பார்ப்பதில்லை.

தேதிகளைப் பார்த்தால் போதும். கடென்சா கூடாது என்று துவோர்ஷாக் தன் பதிப்பாளர் சிம்ராக்குக்குக் கண்டிப்பான கடிதம் எழுதியது 1895 அக்டோபரில். தமக்குத் தெரியாமல், தம் அனுமதி இல்லாமல், நண்பர் விஹான் உட்பட யாரும் எந்த மாற்றமும் செய்யக்கூடாது, அந்த வாக்குறுதி கிடைத்தால்தான் படைப்பைத் தருவேன் என்கிறார். கோபித்துக் கைவிட்டார் என்றால் இதோடு விஹானின் கதை முடிந்திருக்க வேண்டும். நான்கு மாதம் கழித்து, 1896 பிப்ரவரியில், அதே துவோர்ஷாக் லண்டன் பில்ஹார்மோனிக் சங்கத்தின் செயலாளருக்கு இன்னொரு கடிதம் எழுதுகிறார். இந்தக் கான்செர்ட்டோவைத் தம் நண்பர் விஹானுக்கு வாக்களித்திருப்பதாகவும், அவர்தான் வாசிப்பார் என்றும், வேறொருவரை வைத்து நிகழ்ச்சியில் சேர்த்தால் தாம் வரவே முடியாது என்றும் சொல்கிறார். லண்டன் அவருக்குப் பெயரும் பணமும் வாரிக் கொடுத்த நகரம். அந்த நகரத்தின் முதன்மையான சங்கத்திடம், நண்பருக்குக் கொடுத்த வாக்குக்காக வரமாட்டேன் என்கிறார். இதில் பகை எங்கே இருக்கிறது?

நடந்தது நாட்காட்டிச் சிக்கல். சங்கம் குறித்த தேதியில் விஹான் தான் செல்லோ வாசித்த நால்வர் குழுவோடு வேறு கச்சேரிகளுக்கு ஒப்புக்கொண்டிருந்தார். சங்கம் தேதியை மாற்றவில்லை. லியோ ஸ்டெர்ன் என்ற ஆங்கிலேய செல்லோ கலைஞரை ஏற்பாடு செய்துவிட்டது. கடைசியில் துவோர்ஷாக்கும் இணங்கினார். ஸ்டெர்ன் பிராகுக்கு வந்து துவோர்ஷாக்கோடு உட்கார்ந்து பயிற்சி செய்தார், குயின்ஸ் ஹாலில் அவர் வாசிக்க துவோர்ஷாக் ஆர்கெஸ்ட்ராவை நடத்தினார். ஸ்டெர்ன் உழைத்து வாசித்தவர், அவரைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அடுத்த மாதம் பிராகிலும் அவரே வாசித்தார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். விஹான் நினைத்திருந்தால் நால்வர் குழுவின் கச்சேரிகளை ரத்து செய்திருக்கலாம். தனக்காக எழுதப்பட்ட படைப்பு, லண்டன் மேடை, படைத்தவரே நடத்துகிறார். எத்தனை பேர் விட்டுக்கொடுப்பார்கள்? அவர் ரத்து செய்யவில்லை. அவரைப் புரிந்துகொள்ள இந்த ஒரு முடிவே எனக்குப் போதும். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கடென்சா விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் மகள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடென்சா என்பது ஆர்கெஸ்ட்ரா வில்லைத் தாழ்த்திவிட்டு ஒதுங்கி நிற்க, தனி வாத்தியம் மட்டும் தன் வித்தை முழுவதையும் காட்டுகிற பகுதி. பழைய நாளில் அதை வாசிப்பவர் தாமே கற்பனை செய்வார். எழுதப்பட்டிராத இடத்திலும் வாசிப்பவர் ஒன்று எழுதிச் சேர்ப்பது அந்தக் காலத்தில் குற்றமாகக் கருதப்படவில்லை. 1895 ஆகஸ்ட்டில் லுழானி என்ற ஊரில், புரவலர் யோசப் ஹ்லாவ்காவின் மாளிகையில், துவோர்ஷாக் பியானோவில் உட்கார, விஹான் செல்லோவை எடுத்துக்கொண்டு, இருவரும் முதன்முறையாக அந்தக் கான்செர்ட்டோவை முழுவதும் வாசித்துப் பார்த்தார்கள். விரல் போகாத இடங்களை விஹான் சுட்டிக்காட்டினார், மாற்று வழிகளைச் சொன்னார். சிலவற்றைத் துவோர்ஷாக் ஏற்றுக்கொண்டார். துவோர்ஷாக் வயோலா வாசித்தவர், செல்லோவின் கழுத்துப்பலகையில் கட்டைவிரல் படும் பாடு அவருக்குப் பழக்கமில்லை. நாற்பது வயது கலைஞர் ஒருவர் நண்பர் எழுதியதைக் கையில் எடுத்து, இது வரும், இது வராது என்று சொல்வது நட்பின் வேலைதான். கடைசிப் பகுதியில் ஒரு கடென்சா இருந்தால் நன்றாக இருக்கும் என்று எழுதிக் காட்டியதும் அதே வேலையின் நீட்சிதான்.

துவோர்ஷாக் மறுத்ததற்குக் காரணம் வேறு. அந்த முடிவு அவருக்கு வெறும் முடிவு அல்ல.

அவர் நியூயார்க்கில் இருந்தபோது, 1894 நவம்பர் 8 அன்று இந்தக் கான்செர்ட்டோவை எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டிருக்கும்போதே ஊரில் மைத்துனி யோசஃபினா கடுமையாக நோயுற்றிருக்கும் செய்தி வந்தது. யோசஃபினா அவருடைய மனைவி ஆனாவின் அக்கா. இளைஞராக இருந்தபோது துவோர்ஷாக் அவரைத்தான் விரும்பினார், அவர் மணந்ததோ ஒரு பிரபுவை. துவோர்ஷாக் முன்பு எழுதிய பாடல்களில் ஒன்று, என்னைத் தனியே விடுங்கள் என்று தொடங்குவது, யோசஃபினாவுக்கு மிகவும் பிடித்தது. கான்செர்ட்டோவின் இரண்டாம் பகுதியில் அந்தப் பாடலின் மெட்டைத் துவோர்ஷாக் செல்லோவிடம் கொடுத்தார். 1895 பிப்ரவரி 9 அன்று எழுதி முடித்தார். ஏப்ரலில் தன் நாடான பொஹீமியாவுக்குத் திரும்பினார். மே 27 அன்று யோசஃபினா இறந்தார்.

முடித்துவிட்ட படைப்பைத் துவோர்ஷாக் மறுபடி எடுத்தார். கடைசிப் பக்கங்களை நீக்கிவிட்டு, சுமார் 60 தாளக்கட்டுகள் கொண்ட புதிய முடிவை எழுதினார். கையெழுத்துப் பிரதியில் அவரே குறித்து வைத்திருக்கிறார்: நியூயார்க்கில் முடித்ததை, பொஹீமியாவுக்குத் திரும்பிய பிறகு இப்போதுள்ளபடி முழுவதும் மாற்றியதாக. கீழே பீசெக் என்று ஊரும், 1895 ஜூன் 11 என்று தேதியும்.

மகளைப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அணிவகுப்புபோல் வந்துகொண்டிருந்த இசை மெல்லத் தளர்கிறது. முதல் பகுதியின் தொடக்க மெட்டு, எங்கோ தொலைவில் நினைவு வந்ததுபோல் கிளாரினெட்டில் கேட்கிறது. யோசஃபினாவின் பாடல் மெட்டைத் தனி வயலின் ஒன்று உயரே பாடுகிறது. செல்லோ அங்கே மெட்டைப் பாடுவதில்லை. கூடவே இருக்கிறது, இறங்குகிறது, கிட்டத்தட்ட கேட்காமல் போய்விடுகிறது. பிறகு ஒற்றைச் சுரத்தை இழுத்துப் பிடித்து, அதை வில்லாலேயே வளர்க்கிறது. வளர்ந்து நிரம்பியதும் ஆர்கெஸ்ட்ரா பிடுங்கிக்கொண்டு புயலாக முடித்துவிடுகிறது. சிம்ராக்குக்கு எழுதிய கடிதத்தில் துவோர்ஷாக் இந்த முடிவை ஒரு பெருமூச்சோடு ஒப்பிடுகிறார். அந்த இடத்தில் ஆர்கெஸ்ட்ராவை நிறுத்திவிட்டு செல்லோ தன் விரல் வேகத்தைக் காட்டினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இழவு வீட்டில் மத்தாப்பு கொளுத்தியது போலாகும். துவோர்ஷாக் மறுத்தது சரி. நூறு முறை சரி.

விஹான் கேட்டதும் தவறில்லை. அது அரங்கத்தில் பழகியவனின் யோசனை. ஒரு நல்ல வாத்தியக்காரன் ஒரு யோசனையைச் சொன்னான், அதைவிட ஆழமான ஒரு காரணத்துக்காகப் படைத்தவன் அதை மறுத்தான். இருவரும் அதற்குப் பிறகும் நண்பர்களாக இருந்தார்கள். 1899 ஜனவரி 25 அன்று விஹான் தி ஹேக் நகரத்தில் மெங்கல்பெர்க் நடத்த அந்தக் கான்செர்ட்டோவை முதன்முறையாகப் பொதுமேடையில் வாசித்தார். அதே ஆண்டு டிசம்பர் 20 அன்று புடாபெஸ்ட்டில் வாசித்தபோது ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர் துவோர்ஷாக். லண்டனுக்கு மூன்றே முக்கால் ஆண்டு தாமதமாக இருவரும் ஒரே மேடையில் அதை முடித்தார்கள்.

நீங்கள் கேட்டது சரியான கேள்வி. கோபித்தவர் அர்ப்பணிப்பை அழித்திருப்பார். 1896இல் சிம்ராக் வெளியிட்ட பதிப்பில் அது நண்பர் விஹானுக்கு என்றே இருந்தது. இன்றும் இருக்கிறது.

இனி அவருடைய வாழ்க்கைக்கு வருகிறேன். விஹான் 1855 ஜூன் 5 அன்று வடகிழக்கு பொஹீமியாவில் போலிட்ஸே நாட் மெட்டூயி என்ற சிற்றூரில் பிறந்தார். பிராக் கன்சர்வடோரியம் என்ற இசைக் கல்லூரியில் ஹெகன்பார்ட்டிடம் செல்லோ கற்றார். பதினெட்டு வயதிலேயே சால்ஸ்பர்க்கில் ஆசிரியர். பெர்லினில் பில்சேயின் ஆர்கெஸ்ட்ரா, வேறு சில ஊர்களில் வேறு சில ஆர்கெஸ்ட்ராக்கள் என்று சுற்றிவிட்டு 1880இல் மூனிக் அரசவை ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்தார். அந்த ஆர்கெஸ்ட்ராவின் முதன்மை ஹார்ன் கலைஞர் ஃப்ரான்ஸ் ஸ்ட்ராஸ். அவருடைய மகன், பின்னாளில் புகழ்பெற்ற இசையமைப்பாளரான ரிச்சர்டுக்கு அப்போது பதினாறு வயது.

ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் எழுதிய ஒரே செல்லோ சொனாட்டா விஹானுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 1883 டிசம்பர் 8 அன்று நியூரம்பர்க்கில் அதை முதலில் வாசித்தவரும் விஹான்தான். எழுதியவருக்கு வயது 19. செல்லோவும் பியானோவும் சேர்ந்து கதவைத் தள்ளித் திறப்பதுபோல் தொடங்கும் அந்த இசையைக் கேட்கும்போது, அந்தப் பையன் தன் காதில் யாருடைய வில்லை வைத்துக்கொண்டு எழுதியிருப்பான் என்பதில் எனக்குச் சந்தேகம் வருவதில்லை. ஸ்ட்ராஸின் வாழ்க்கை வரலாறுகளில் விஹானின் பெயர் வேறொரு காரணத்துக்காகவும் வரும். விஹானின் மனைவி டோரா பியானோ கலைஞர். அவரும் ஸ்ட்ராஸும் நெருக்கமானார்கள், விஹானின் மணவாழ்க்கை முறிந்தது. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். சொனாட்டாவைப் பற்றி இரண்டு வரி இருக்கும். வாத்தியக்காரர்கள் அடுத்தவர் வரலாற்றின் ஓரத்தில் இப்படித்தான் நிற்கவைக்கப்படுகிறார்கள். நானும் அதைத்தானே உங்கள் கண் முன்னே செய்தேன்.

1888இல் விஹான் பிராகுக்குத் திரும்பி, தான் படித்த கன்சர்வடோரியத்திலேயே பேராசிரியர் ஆனார். மூனிக்கில் கிடைத்த நிலையை விட்டு வந்தவர் இரண்டு வேலைகளைச் செய்தார். முதலாவது, துவோர்ஷாக்கோடு சேர்ந்து வாசித்தது. 'தும்கி' மூவர் இசையை 1891 ஏப்ரலில் பிராகில் துவோர்ஷாக் பியானோவிலும், ஃபெர்டினாண்ட் லாஹ்னர் வயலினிலும், விஹான் செல்லோவிலும் அரங்கேற்றினார்கள். அடுத்த ஆண்டு துவோர்ஷாக் அமெரிக்காவுக்குப் புறப்படும் முன், இதே மூவரும் பொஹீமியா, மொராவியா முழுவதும் ஜனவரியிலிருந்து மே வரை ஊர் ஊராகப் போய் சுமார் 40 கச்சேரிகள் செய்தார்கள். பெரும்பாலும் சின்ன ஊர்கள். பனிக்காலத்து ரயில் பயணம். உலகப் புகழ்பெற்ற ஒருவர் விடைபெறுவதற்காகத் தன் மக்களிடம் நேரில் போனார், பக்கத்தில் விஹான் இருந்தார்.

அந்தப் பயணத்தில் செல்லோவும் பியானோவும் மட்டும் வாசிக்க ஏதாவது வேண்டும் என்பதற்காகத் துவோர்ஷாக் 1891 கிறிஸ்துமஸ் நாட்களில் ரோண்டோ என்ற வகையில் ஒரு துண்டை எழுதினார். முன்பே நான்கு கை பியானோவுக்கு எழுதிய ஒரு தொகுப்பிலிருந்து 'க்ளித்' என்ற துண்டைச் செல்லோவுக்கு மாற்றினார். க்ளித் என்றால் அமைதி, சாந்தம். அயல்நாடுகளில் 'மௌன வனங்கள்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், துவோர்ஷாக்குக்குச் செல்லோவின் மீது தொடக்கத்தில் முழு நம்பிக்கை இல்லை. 1865இல் ஒரு செல்லோ கான்செர்ட்டோ எழுதி, ஆர்கெஸ்ட்ரா பகுதியை எழுதாமலேயே விட்டுவிட்டார். ஆர்கெஸ்ட்ராவில் அது அழகாக இருக்கும், தனியாக நிறுத்தினால் மேலே கீச்சிடும், கீழே உறுமும் என்று அவர் சொன்னதாக அவருடைய மாணவி ஒருவர் பதிவு செய்திருக்கிறார். செல்லோவின் குரல் ஆண் குரலின் எல்லையில் வருவது. ஆர்கெஸ்ட்ராவின் நடு வாத்தியங்கள் எல்லாம் அதே எல்லையில்தான் ஒலிக்கின்றன, எளிதில் அதை மூழ்கடித்துவிடும். 1894 மார்ச்சில் நியூயார்க்கில் விக்டர் ஹெர்பெர்ட் தான் எழுதிய இரண்டாவது செல்லோ கான்செர்ட்டோவைத் தானே வாசிக்கக் கேட்டபோது, உரத்து ஒலிக்கும் பித்தளை வாத்தியங்களான ட்ராம்போன்கள் மூன்று இருந்தும் செல்லோ மூழ்காததைக் கண்டு துவோர்ஷாக் மனம் மாறினார் என்பார்கள். அது உண்மைதான். ஆனால் அந்த மனத்தை அதற்கு முன்பே பதப்படுத்தியது எது? 40 ஊர்களில், 40 இரவுகளில், ஒரு கை தூரத்தில் விஹானின் செல்லோவைக் கேட்டுக்கொண்டு பியானோவில் உட்கார்ந்திருந்த மனிதர் அவர். தனக்கொரு கான்செர்ட்டோ எழுதித் தரும்படி விஹான் பல ஆண்டுகளாகக் கேட்டும் வந்திருந்தார். ஹெர்பெர்ட் காட்டியது கைநுட்பம். குரல் விஹானுடையது என்றே நான் நம்புகிறேன்.

இரண்டாவது வேலை, நால்வர் குழு. கன்சர்வடோரியத்தில் விஹான் நான்கு மாணவர்களைச் சேர்த்து உட்காரவைத்தார். வயலின் காரெல் ஹோஃப்மான், இரண்டாவது வயலின் யோசப் சுக், வயோலா ஆஸ்கர் நெட்பால், செல்லோ ஓட்டோ பெர்கர். எல்லோரும் இருபதை ஒட்டிய வயதினர். 1892இல் செக் நால்வர் குழு என்ற பெயரில் மேடையேறினார்கள், அடுத்த ஆண்டே வியன்னாவில் பெயர் வாங்கினார்கள். பெர்கருக்கு உடல்நலம் கெட்டது. பயணங்களைத் தாங்கும் நிலையில் அவர் இல்லை. 1897இல் இறந்தும் போனார். அந்த இடத்தில் 1894இல் யார் உட்கார்ந்தது என்றால், அவர்களுடைய ஆசிரியரே உட்கார்ந்தார்.

இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நாற்பதை நெருங்கிய பேராசிரியர், ஸ்ட்ராஸும் துவோர்ஷாக்கும் இசை எழுதிக் கொடுத்த தனிக் கலைஞர், தன் மாணவர்களின் குழுவில் கடைசி நாற்காலியில் போய் உட்காருகிறார். முதல் வயலின் மாணவன். குழுவை முன்னே இழுத்துப் போகிறவன் அவன். ஒத்திகையில் குழுவின் இருபது வயதுக்காரர்கள் ஆசிரியருக்கு மறுப்புச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். நால்வர் குழுவில் செல்லோவின் வேலை பெரும்பாலும் அடியில் கிடப்பது. மேலே மூவர் கட்டும் சுருதிக்கும் தாளத்துக்கும் அதுதான் தரை. தரை கொஞ்சம் அசைந்தால் மேலே எல்லாமே தள்ளாடும், அசையாமல் இருந்தாலோ தரை இருப்பதே கேட்பவருக்குத் தெரியாது. அந்த நாற்காலியில் விஹான் 1914 வரை இருபது ஆண்டுகள் உட்கார்ந்திருந்தார்.

அந்த இருபது ஆண்டுகளில் ஐரோப்பா முழுவதும் ஸ்மெட்டனாவின், துவோர்ஷாக்கின் நால்வர் இசையைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் இவர்கள். துவோர்ஷாக் அமெரிக்காவிலிருந்து திரும்பி எழுதிய ஜி மேஜர் நால்வர் இசையை 1896 அக்டோபரில் பிராகில் அரங்கேற்றியதும் இவர்கள்தான். இரண்டாவது வயலின்காரரான சுக் 1898இல் துவோர்ஷாக்கின் மகள் ஓட்டிலியை மணந்தார். ஆக விஹானின் மாணவர் துவோர்ஷாக்கின் மருமகன். விஹான் விலகிய பிறகும் குழு நிற்கவில்லை. அவர் இடத்துக்கு லாடிஸ்லாவ் ஸெலென்கா வந்தார். 1924இல் செக் இசையமைப்பாளர் யானாசெக்கின் முதல் நால்வர் இசையை அரங்கேற்றியது இதே செக் நால்வர் குழு. லண்டனில் ஓர் இரவை விட்டுக்கொடுத்து விஹான் காப்பாற்றியது இந்தக் குழுவின் வாக்கை.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். செக் நால்வர் குழுவின் ஒலிப்பதிவுகள் 1928ஐ ஒட்டி வந்தவை. அவற்றில் செல்லோ ஸெலென்காவுடையது. விஹான் 1920 மே 1 அன்று பிராகில் இறந்துவிட்டார். துவோர்ஷாக் இறந்ததும் ஒரு மே 1, பதினாறு ஆண்டுகளுக்கு முன். 1985இல் பிராகில் நான்கு மாணவர்கள் சேர்ந்து ஒரு நால்வர் குழு தொடங்கி அதற்கு விஹான் நால்வர் குழு என்று பெயர் வைத்தார்கள். அவர்களுடைய துவோர்ஷாக் பதிவுகள் எளிதாகக் கிடைக்கும், கேளுங்கள். நால்வர் குழுவுக்கு இவரைத் தவிர வேறெந்த செல்லோ கலைஞரின் பெயரையும் அவர்கள் வைத்திருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

அவருடைய கையை வேறு விதமாகக் கேட்கலாம். ஒருவருக்காக எழுதிய இசையில் அவருடைய கைவாகு ஒளிந்திருக்கும். தும்கியின் தொடக்கத்தைப் போடுங்கள். முதலில் வாய் திறப்பது செல்லோதான். பியானோவின் மேல் எழுந்து, ஏங்கி, பாதியிலேயே நின்று, மறுபடி எழுகிறது. அவசரக்காரர் கையில் கொடுப்பதற்காக எழுதிய வரி அல்ல அது. வில்லை முழு நீளத்துக்கும் இழுத்து, நுனிக்கு வந்த பிறகும் ஒலியைத் தேய விடாதவர் ஒருவரை மனத்தில் வைத்துத்தான் அதை எழுதியிருக்க முடியும். அதே கையைக் கான்செர்ட்டோவின் முடிவில், நான் மேலே சொன்ன அந்த இழுத்துப் பிடித்த ஒற்றைச் சுரத்திலும் கேட்கிறேன். விஹான் எழுதிக் கொடுத்த கடென்சாவைத் துவோர்ஷாக் வேண்டாம் என்றார். ஆனால் அந்தச் சுரத்தை எழுதும்போது அவர் காதில் இருந்த வில் யாருடையது?

மகளால் கான்செர்ட்டோவை வாசிக்க இன்னும் சில ஆண்டுகள் ஆகலாம். ஐந்து ஆண்டுப் பயிற்சியில் க்ளித்தை இப்போதே முயன்று பார்க்கலாம், ஆசிரியரிடம் கேளுங்கள். மொத்தம் ஐந்தாறு நிமிடம்தான். விரலுக்கு அவ்வளவு கஷ்டமில்லை, வில்லுக்குத்தான் கஷ்டம். முதல் வரியிலேயே வில்லை மெதுவாக நகர்த்தவும் வேண்டும், ஒலி நடுங்கவும் கூடாது. தொடங்கும்போது பெரும்பாலான பிள்ளைகள் வில்லைப் பாதியிலேயே செலவழித்துவிட்டுத் திணறுவார்கள். ரயிலில் குளிரில் வந்து இறங்கி, ஏதோ ஒரு சிற்றூரின் மண்டபத்தில், பக்கத்தில் துவோர்ஷாக் பியானோவில் உட்கார்ந்திருக்க விஹான் வாசித்த வரி இது என்று அவளிடம் சொல்லுங்கள். அவள் வாசித்த பிறகு எப்படி வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.